பவுடர் சென்னியப்பன்

இது கல்யாண ஆல்பமுங்க. பயந்துக்காதீங்க, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்களுக்குத் தொறந்து காட்டற ஆளு நானில்ல. மேல கம்பியில வெச்சா வளைஞ்சு போயிரும்னு மடியில வெச்சிருக்கேன். தாராபுரத்துல சம்பந்தி வூட்டுக்குக் கொண்டுபோய்க் காமிச்சுட்டு வர்றேன். என்ற பொண்ணு கல்யாணம். நான் போட்டோக்காரன், திருப்பூர்ல சொந்தமா ஸ்டூடியோ. ஆனா இந்த ஆல்பத்துல ஒரு போட்டோ கூட நான் எடுத்ததில்லைங்க. எடுக்க உடலை.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எங்க ஊரே சிரிச்சு முடிச்சாச்சு. சமையக்காரன் வூட்டு விசேஷத்துக்கு ஓட்டல்ல சோறு வாங்குன கதைன்னு எங்க தெருவுல பேசிக்கிட்டாங்க.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு பொண்ணுங்க. அது மேல எனக்கு இன்னும் கோபந்தான். இப்பச் சொல்றேன் கேளுங்க, ஞாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

மொதல்ல என்னையப் பத்திச் சொல்லீர்றேன். என்ற பேரு சென்னியப்பன். ஊருக்குள்ள கேட்டீங்கன்னா பவுடர் சென்னியப்பன்னாத்தான் தெரியும். அந்தக் காலத்துல ஸ்டூடியோல கண்ணாடிக்குப் பக்கத்துல ஒரு பவுடர் டப்பா வெச்சிருப்பேன். வர்றவங்க பூசிக்குவாங்க. கம்ப்யூட்டர் வந்த பொறவு டப்பாவத் தூக்கிப் போட்டுட்டேன், பேரு மட்டும் போகலை. இப்ப எல்லாம் மவுசுலதான். பொண்ணு மாப்பிள்ளை எந்தக் கலரா இருந்தாலும் வெளிச்சத்த ரெண்டு பாயிண்ட் தூக்கி விட்டேன்னா, கோதுமை மாவு மாதிரி ஆயிருவாங்க. யாரும் கேக்கவே வேண்டாம், நானே பண்ணிக் குடுத்துருவேன். சேவைன்னு வெச்சுக்கங்களேன்.

நானு எப்படி இருக்கேன்னு நீங்களே பாக்கறீங்க. கறுப்புத்தானுங்க. அதுல ஒளிவுமறைவு என்ன இருக்குது. ஆனா எங்க கல்யாணப் போட்டோவுல நான் இட்லி மாதிரி இருப்பேன். பழைய படத்த ஸ்கேன் பண்ணி, பொறுமையா உக்காந்து சரி பண்ணி, ஹால்ல பெருசா மாட்டி வெச்சேன். ஒரு தடவை தூரத்துச் சொந்தம், ஒறம்பரை ஒருத்தரு வந்தாரு. படத்தைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, மெதுவா என்ற சம்சாரத்துகிட்டப் போயி, "ஏன் அம்மிணி, இது உன்ற மொத வூட்டுக்காரரா?"ன்னு கேட்டுப்போட்டாரு. வசந்தாமணி, அதான் என்ற சம்சாரம், "ஆமாங்க மாமா, அவரு நல்ல மனுசன்"னு சொல்லிட்டுக் காப்பி போடப் போயிட்டா.

சரி, கதைக்கு வர்றேன். திருப்பூர்ல ஆப்பிரிக்காக்காரங்க இருக்காங்கல்லங்க, பனியன் டீசர்ட்டு வாங்கி அவங்க நாட்டுக்கு அனுப்பறவங்க. அதுல ஒபின்னான்னு ஒருத்தரு, நைஜீரியாக்காரரு. நம்ம ஊர்ல ரொம்ப வருசமா இருக்காப்ல. தமிழு உங்களையும் என்னையும் விடச் சுத்தமா பேசுவாப்ல. "ஏனுங்ணா, சௌக்கியமுங்களா"ன்னுதான் கடைக்குள்ளயே வருவாப்ல. என்ற பொண்ணு சிந்துஜா எக்ஸ்போர்ட் கம்பெனில வேலை, அவகிட்டத்தான் ஆர்டர் குடுப்பாப்ல, அப்படிப் பழக்கம்.

போன வருசம் ஒரு நாளு ஒபின்னா ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்தாப்ல. உசரமா, தலைய ஒட்ட வெட்டி, தோள்ல ஒரு பெரிய மரப்பெட்டி. பேரு இஃபேயோமா. எல்லாரும் இஃபேன்னு கூப்புடுவாங்க, என்ற வாயில மொதல்ல இப்பேன்னுதான் வந்துச்சு. ஒபின்னா ஆளுங்கதான், ஆனா பொறந்து வளந்ததெல்லாம் லண்டன். "அண்ணா, இவங்க பெரிய போட்டோகிராபர். எங்க ஆளுங்களப் படம் எடுக்கறாங்க. உங்க ஸ்டூடியோவை வாரத்துல ஒரு நாளு வாடகைக்குக் கேக்கறாங்க"ன்னாப்ல.

பெரிய போட்டோகிராபர் என்ற ஸ்டூடியோவத் தேடி வந்திருக்குதுன்னா எனக்குப் பெருமை தாங்கலை. பொறவுதான் தெரிஞ்சுது, மத்த ஸ்டூடியோக்காரங்க எல்லாரும் முடியாதுன்னுட்டாங்களாம்.

என்ன மாதிரிப் படம் எடுப்பேன்னு கேட்டேன். அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "எங்க ஆளுங்க படம் பேப்பர்ல வரணும்னா பக்கத்துல ஒரு போலீஸ்காரர் நிக்கணும். இல்லாட்டிப் பசியில கெடக்கற குழந்தையா இருக்கணும். அவங்க சும்மா இருக்கறத யாரும் எடுக்கறதில்லை. நான் அதத்தான் எடுக்கறேன்"னு சொல்லுச்சு. சீனாவுல எடுத்துச்சாம், பிரேசில்ல எடுத்துச்சாம். எங்கெங்க கறுப்பா இருக்கறவங்க போயித் தங்கியிருக்காங்களோ அங்கெல்லாம். சிந்துஜாதான் தமிழ்ல சொன்னா. நான் மனசுக்குள்ள நெனச்சேன், சும்மா இருக்கறத எடுக்கறதுக்கு லண்டன்லருந்து எதுக்கு வரணும், எங்க வூட்டுக்கு வந்தா என்னையவே எடுத்துக்கலாமேன்னு.

தங்கறதுக்கு எங்க மேல் வூட்டையே குடுத்தேன். காலியாத்தான் இருந்துச்சு. ஒபின்னா கூட முன்னாடியே கேட்டிருந்தாப்ல, சம்சாரத்தையும் கொழந்தையையும் ஊருலருந்து கூட்டிட்டு வரணும்னு. ஒறம்பரை வர்றாங்கன்னு சொல்லிட்டேன். வரலை, அது வேற விசயம். ஆனா இது லண்டன் பொண்ணு பாருங்க. பாஸ்போர்ட்டே வேற கலரு. நமக்கு ஆளு முக்கியமில்லைங்க, பேப்பர் சரியா இருக்கணும், அவ்வளவுதான். எங்க ஊர்ல இந்த நெற பேதம், இன பேதம் எதுவும் கெடையாதுன்னு மொத நாளே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன். அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்லதான்னு சொன்னேன். நோட் பண்ணிக்கிட்ட மாதிரித் தலைய ஆட்டுச்சு.

மொத நாளு ஒபின்னாவப் படம் எடுக்கறதா ஏற்பாடு. நான் தொழில்காரனில்லைங்களா, உதவி பண்ணலாம்னு இருக்கற லைட்டையெல்லாம் இழுத்து ஒபின்னா மூஞ்சிக்கு நேரா வெச்சேன். பக்கத்து மண்டபத்துக்காரன்கிட்ட இன்னொரு லைட்டு இரவல் வாங்கிட்டு வந்து அதையும் வெச்சேன். ஒபின்னா கண்ணத் தொறக்க முடியாம, "அண்ணா, வடை சுடறீங்களா"ன்னு கேட்டாப்ல. அந்தப் பொண்ணு வந்து ஒவ்வொண்ணா எல்லா லைட்டையும் அணைச்சுது. நான் கரண்டு போயிருச்சுன்னு நெனச்சு வெளிய போயி மீட்டரப் பாத்துட்டு வந்தேன்.

திரும்பி வந்தா, மூலையில நான் பலகை அடிச்சு மூடி வெச்சிருந்த சன்னலு, அதைய ரெண்டு பேரும் பேத்துக்கிட்டிருக்காங்க. தொறந்தா உள்ள ஒரு புறாக் குடும்பமே குடியிருக்குது. தொரத்திட்டு, அந்தச் சன்னலு வெளிச்சத்துல ஒபின்னாவ உக்கார வெச்சுது. மரப்பெட்டிக் கேமராவுக்குப் பின்னால துணியப் போத்திக்கிட்டு நின்னுச்சு. நின்னுச்சு, நின்னுக்கிட்டே இருந்துச்சு. நானாயிருந்தா அதுக்குள்ள ஒரு காதுகுத்தயே முடிச்சிருப்பேன்.

பிலிமு கழுவிப் படம் வந்ததும் காமிச்சுது. எனக்குப் புடிக்கலைங்க. பளிச்சுனு இல்ல. ஆனா கீழ வெக்க முடியலை. நெத்தியில ஒரு கறுப்பு, கன்னத்துல வேற ஒரு கறுப்பு, கழுத்துக்கிட்ட செம்பு மாதிரி, காது மடல்ல லேசா நீலம். இத்தனையையும் ஒரே பேரு சொல்லிக் கூப்புட்டுக்கிட்டிருந்தமேன்னு இருந்துச்சு. "கொஞ்சம் டல்லா இருக்குதும்மா. வேணும்னா நான் ரெண்டு பாயிண்ட் தூக்கித் தர்றேன், காசு வேண்டாம்"னு சொன்னேன். பெரிய மனசோடதான் சொன்னேன்.

அப்படியே ரெண்டு மூணு மாசம் போச்சு. ஒபின்னா துணி தேய்க்கறது, இன்னொருத்தரு முடி வெட்டிக்கறது, டீசர்ட்டு மூட்டை மேல ஒருத்தரு மத்தியானம் தூங்கறது, ஞாயித்துக்கெழம ஜெபத்துக்கு வெள்ளை வேட்டி கணக்கா ஒரு அங்கி போட்டுக்கிட்டு ஸ்கூட்டர்ல போறது, எல்லாத்தையும் எடுத்துச்சு. சிந்துஜா லீவு நாள்லயெல்லாம் கூடவே சுத்துனா. வசந்தாமணி அதுக்கு அரிசிம்பருப்புச் சாதம் செஞ்சு போட்டுக் கெடுத்து வெச்சா. நான் மட்டுந்தான் தொழில்முறையில தள்ளியே நின்னேன்.

அந்தச் சமயத்துலதான் சிந்துஜாவுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தோம். நல்ல பொண்ணுங்க, படிச்ச பொண்ணு. நெறம் மட்டும் என்ற கொடுப்பினை. அப்பன் போட்டோக்காரனா இருந்து என்ன பிரயோசனம், அதனால ஒரு போட்டோ தயார் பண்ணேன். என்ற வாழ்நாள்லயே அந்த மாதிரி வேலை பண்ணதில்லைங்க. ஒரு வாரம் உக்காந்தேன். நெறத்தை மட்டும் மாத்துனா கழுத்து காட்டிக் குடுத்துரும். கழுத்து, காது, வெரலு, நகம் வரைக்கும் பண்ணேன்.

இஃபே ஒரு நாளு கம்ப்யூட்டர்ல அதைப் பாத்துட்டு, "இது யாரு?"ன்னு கேட்டுச்சு. தெனம் கூடச் சுத்தற பொண்ண அதுக்கே அடையாளம் தெரியலை! எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். "பாத்தயா, உன்னாலயே கண்டுபுடிக்க முடியலை பாத்தயா"ன்னு கையத் தட்டுனேன். திரும்பிப் பாத்தா சிந்துஜா பின்னாடி நிக்கறா. தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா. வேலை டென்சனுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்தப் போட்டோவுக்குத்தான் தாராபுரத்துலருந்து வரன் வந்துச்சு. மாப்பிள்ளை பேரு நவநீதன், கொச்சியில இன்ஜினியரு. அவங்க அனுப்புன மாப்பிள்ளை போட்டோவும் பிரமாதம். ஜாதகமும் பொருந்துச்சு. பொண்ணு பாக்க வர்றோம்னாங்க.

அன்னிக்கு இஃபேகிட்ட, "நீ மேலயே இரும்மா, கீழ வராத"ன்னு பக்குவமாச் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணோட சவுரியத்துக்குத்தான் சொன்னேன். ஆனா வசந்தாமணி என்ன பண்ணா, பஜ்ஜி மாவு கரைக்க ஆளு வேணும்னு அதைக் கீழ கூப்புட்டு, சமையக்கட்டுல நிக்க வெச்சுட்டா.

வந்தாங்க. மாப்பிள்ளை, அவங்கம்மா பாப்பாத்தியம்மா, கூட ரெண்டு பெருசுங்க. மாப்பிள்ளை உள்ள வந்ததும் எனக்கு லேசா ஒரு சந்தேகம். உத்துப் பாத்தேன். போட்டோவுல இருந்ததுக்கும் ஆளுக்கும் குறைஞ்சது மூணு பாயிண்ட்டு வித்தியாசமுங்க. தாராபுரத்துலயும் என்னைய மாதிரி ஒருத்தன் இருக்கான்னு புரிஞ்சுக்கிட்டேன். நல்ல வேலைக்காரன், காதுகிட்ட மட்டும் கோட்டை விட்டிருந்தான்.

சிந்துஜா பட்டுச் சேலை கட்டி, காப்பித் தட்டோட வந்தா. எல்லாருக்கும் குடுத்தா. நின்னா. பாப்பாத்தியம்மா காப்பியக் குடிச்சாங்க, பஜ்ஜியத் தின்னாங்க, சுத்தி முத்தியும் பாத்தாங்க, பாத்துட்டு, "நேரமாகுதுங்க. பொண்ணக் கூப்புடுங்க, பாத்துட்டுக் கெளம்பறோம்"னாங்க.

சமையக்கட்டுல எண்ணெ சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டிருக்குது. சிந்துஜாதான் சொன்னா, சிரிச்ச மூஞ்சியோடதான் சொன்னா: "அத்தே, நீங்க போட்டோவுல பாத்தது எங்கப்பா கம்ப்யூட்டர்ல பெத்த பொண்ணுங்க. எங்கம்மா பெத்தது நானு."

பாப்பாத்தியம்மா மூஞ்சி போன போக்கு! அந்த நேரம் பாத்து, தட்டுல மறுபடியும் பஜ்ஜி எடுத்துக்கிட்டு இஃபே வெளிய வருது. அந்தம்மா அதைப் பாத்தாங்க, சிந்துஜாவப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. என்ன கணக்குப் போட்டாங்களோ, எந்திரிச்சுட்டாங்க. வூட்டுக்குப் போயித் தகவல் சொல்றோம்னாங்க. மாப்பிள்ளைப் பையன் கையில பாதிப் பஜ்ஜி. அதை எங்க வெக்கறதுன்னு தெரியாம கையிலயே புடிச்சுக்கிட்டுப் போனாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். எம்மேலயா வரும்? இஃபே மேலதான் வந்துச்சு. என்ற இங்கிலீசுல எறங்கிட்டேன். "யூ கம், மை டாட்டர் மேரேஜ் கோ! ஆல் யுவர் பிளாக் பிளாக் டாக்"னு கத்துனேன். சிந்துஜாவப் பாத்து, "சொல்லு, இவளுக்குப் புரியற மாதிரிச் சொல்லு"ன்னேன். "இதையெல்லாம் என்னால சொல்ல முடியாதுங்ப்பா"ன்னு உக்காந்துட்டா. ஒபின்னா அப்பத்தான் ஏதோ சாமான் குடுக்க வந்து வாசல்ல நின்னாப்ல. அந்தப் பொண்ணு அவருகிட்ட மெதுவா என்னமோ கேட்டுச்சு. அவரு தயங்கித் தயங்கித்தான் சொன்னாப்ல.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க போட்டோவுல பாத்துத் தேடி வந்தாங்களே ஒரு பொண்ணு, அந்தப் பொண்ண நீங்களாவது எப்பவாவது நேர்ல பாத்திருக்கீங்களான்னு இஃபே கேக்கறாங்க."

நானு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். சித்த நேரங்கழிச்சு எறங்கி வந்தா, மாடிப்படியில சிந்துஜா பட்டுச் சேலையோட உக்காந்து, ஆறிப்போன பஜ்ஜியத் தின்னுக்கிட்டிருக்கா. எதுத்தாப்ல மரப்பெட்டிக் கேமரா. சிந்துஜா அதைய நேராப் பாக்கறா. சிரிக்கலை, அழுகலை. பசிக்குதுன்னு தின்னுக்கிட்டிருக்கா. நான் சத்தங்காட்டாம மறுபடியும் மாடிக்கே போயிட்டேன்.

அடுத்த நாளே இஃபே பெட்டியக் கட்டிக்கிட்டு ஒபின்னா ஆளுங்க ரூமுக்குப் போயிருச்சு. எங்க வூட்டுல அதுக்கப்பறம் கொழம்புல உப்பு ஒரு நாளு இருக்கும், ஒரு நாளு இருக்காது. சிந்துஜா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவா. கடைசியில நானே போயி, இஃபேவ ஸ்டூடியோவுக்கு வாங்கன்னு கூப்புட்டேன். வந்துச்சு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. என்னையப் படம் எடுக்கணும்னுச்சு.

நான் உள்ள போயி, பழக்க தோசத்துல, மூஞ்சியக் கழுவிப் பவுடர் போட்டுட்டு வந்து உக்காந்தேன். சிந்துஜா பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. தொடைச்சுட்டு உக்காந்தேன். கல்யாண மண்டபத்துல நான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கற அந்தச் சிரிப்பச் சிரிச்சேன். அந்தப் பொண்ணு துணிக்குள்ளயே நிக்குது. சிரிப்ப எவ்வளவு நேரந்தாங்க புடிச்சு வெக்கறது? வாயி வலிக்குது. அப்ப கேட்டுச்சு, உங்களக் கறுப்புன்னு மொதல்ல சொன்னது யாருன்னு.

"அதெல்லாம் யாரும் சொன்னதில்லை"ன்னேன். சொல்லிட்டு, என்னமோ, அண்ணன் கல்யாணம் நெனப்புக்கு வந்துருச்சு. குரூப் போட்டோ எடுக்கறாங்க. நான் புதுச் சட்டை போட்டுக்கிட்டு அண்ணன் பக்கத்துல நிக்கறேன். போட்டோக்காரரு எட்டிப் பாத்து, "தம்பி, நீ அக்கட்டால போ. உனக்கு வெளிச்சம் வெச்சா மத்தவங்க எல்லாம் வெளுத்துப் போயிருவாங்க"ன்னாரு. போயி, அவருக்குக் குடை லைட்டப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் படத்துல நான் இல்லைங்க. ஆனா தொழில்முறையில பாத்தா அவரு சொன்னதுல தப்பே கெடையாது. அந்தக் காலத்து பிலிமு அப்படித்தான். இதையும் அந்தப் பொண்ணுகிட்ட வெளக்கமாச் சொன்னேன், அவரு மேல தப்பில்லை, தப்பில்லைன்னு. நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே டக்குனு எடுத்துருச்சு. இந்தப் பக்கம் பாத்தா சிந்துஜா மூக்க உறிஞ்சிக்கிட்டிருக்கா. புறாத் தூசிங்க, அது அந்தச் சன்னல்ல போகவே மாட்டீங்குது.

பொறவு கொச்சியில ஒரு பழைய கிடங்குல கண்காட்சி வெச்சுது. அதுக்கு "வீட்டில்"னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு இங்கிலீசுப் பேரு. எங்க மூணு பேருக்கும் டிக்கெட்டு போட்டுக் கூப்புட்டுச்சு. போனா, சுவரு பூரா அவங்க ஆளுங்க. சீனாவுல, பிரேசில்ல, நம்ம ஊர்ல. நடுவால நானு! ஆளு உசரத்துக்கு மூஞ்சி மட்டும். பக்கத்துல படிக்கட்டுல பஜ்ஜியோட சிந்துஜா.

"எங்கள எதுக்கும்மா இதுல வெச்சே, நாங்க ஆப்பிரிக்காவா?"ன்னு கேட்டேன். "ஒரு ஊர்ல எங்க ஆளுங்க எப்படி வாழறாங்கன்னு காட்டணும்னா, அந்த ஊரு கறுப்ப என்ன பண்ணுதுன்னும் காட்டணுமில்லைங்களா"ன்னு சொல்லுச்சு. அதுக்குள்ள ஒரு வெள்ளைக்காரத் தாத்தா என்ற கையப் புடிச்சுக் குலுக்கி, எந்த நாடுன்னு கேட்டாரு. பதட்டத்துல "திருப்பூர்"னேன். அது கானாவுக்குப் பக்கத்துலயான்னாரு. ஆமாமுன்னு தலைய ஆட்டிட்டேன். என்னத்த வெளக்கறது.

அவரு போன பொறவு தனியா நின்னு என்ற மூஞ்சியப் பாத்தேன். தெனமும் கண்ணாடியில பாக்கற மூஞ்சிதான். ஆனா அதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்லைன்னு தோணுச்சு. எவ்வளவு கறுப்புத் தெரியுங்களா! பயப்படற மாதிரி இல்ல. கல்லு மேல மழை பேஞ்சு நின்னா இருக்குமே, அப்படி. வசந்தாமணி வந்து பக்கத்துல நின்னா. "இவரத்தாங்க நான் கட்டிக்கிட்டேன்"னா. அவ்வளவுதான் சொன்னா.

இங்கதான் கதையே திரும்புது. நவநீதன் கொச்சியிலதான வேலை? கூட வேலை பாக்கறவங்களோட அந்தக் கண்காட்சிக்குப் போயிருக்காரு. சிந்துஜா படத்தப் பாத்திருக்காரு. அந்தச் சேலை, அந்தப் பஜ்ஜி, அந்த நாளு, எல்லாம் புரிஞ்சிருக்குது. ராவோட ராவா சிந்துஜாவுக்கு ஒரு மெசேஜ். அவரு சும்மா சன்னலோரத்துல நின்னு எடுத்துக்கிட்ட படம், எந்த வேலையும் பண்ணாதது. கீழ ரெண்டு வரி: "இதுதான் நான். அன்னிக்கு அந்தப் பஜ்ஜி நல்லா இருந்துச்சு, பாதிதான் திங்க முடிஞ்சுது."

சிந்துஜா என்ன பதில் போட்டாளோ எனக்குத் தெரியாது. அப்பறம் அவங்களே பேசி, அவங்களே பாத்து, அவரே அவங்கம்மாகிட்டச் சண்டை போட்டு, கல்யாணம் முடிவாச்சு. எல்லாம் முடிஞ்ச பொறவு சிந்துஜா என்னையத் தனியாக் கூப்புட்டா. "அப்பா, ஒரே ஒரு வேண்டுகோள். என்ற கல்யாணத்துல நீங்க கேமராவத் தொடக் கூடாது. இஃபே வந்து எடுக்குது"ன்னா.

என்ற தொழிலே அதுங்க! ஊரான் வூட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் எடுத்தவன். ஒரு நாளு பூரா சாப்புடலை. பொழுது உழுந்ததும் பசி தாங்காம எந்திரிச்சுச் சாப்புட்டேன்.

கல்யாணத்தன்னிக்கு என்ற கைய எங்க வெக்கறதுன்னே தெரியலைங்க. கேமரா இல்லாம மண்டபத்துக்குள்ள நான் போனதே இல்ல. கொஞ்ச நேரம் பின்னாடி கட்டுனேன், கொஞ்ச நேரம் முன்னாடி கட்டுனேன். ஒபின்னா வந்து பந்தியில எல பாத்துக்கிட்டாப்ல, நம்ம ஆளு மாதிரியே. பாவம், இன்னும் வூடு தேடிக்கிட்டுத்தான் இருக்காப்ல. திருப்பூர்ல வூடு கெடைக்கறது கஷ்டமுங்க. தாலி கட்டறப்ப நான் எப்பவும் மேடைக்கு எதுத்தாப்ல குனிஞ்சு நின்னு போகஸ் பாத்துக்கிட்டிருப்பேன். அன்னிக்கு மேல, பொண்ணுக்குப் பக்கத்துல நின்னேன். இத்தனை கல்யாணத்துல தாலி கட்டறத நான் கண்ணால பாத்தது அதுதான் மொத தடவை. சிந்துஜா கழுத்துல வேர்வை மின்னுச்சு. எத்தனை மணிநேரம் கம்ப்யூட்டர்ல அந்தக் கழுத்தோட மல்லுக்கட்டியிருப்பேன். அதுல ஒரு மச்சம் இருக்கறது அன்னிக்குத்தான் நெனப்புக்கு வந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு நாந்தான் அழிச்சிருக்கேன்.

அந்த ஆல்பந்தான் இது. ஒரு படத்துலயும் கை வெக்கலை. வெக்க மாட்டேன்னு பொண்ணுகிட்டச் சத்தியம் பண்ணியிருக்கேன்.

இப்ப கேளுங்க. போன வாரம் பாப்பாத்தியம்மா போன் பண்ணாங்க. அக்கம்பக்கம் யாரும் இல்லாத நேரமாப் பாத்துப் பண்ணியிருக்காங்க, கொரலே இல்ல. "சம்பந்தி, சிந்துஜா படமெல்லாம் காமிச்சா, நல்லாத்தான் இருக்குது. அந்த லண்டன் பொண்ணு என்னையத் தனியா ஒண்ணு எடுத்துச்சில்லைங்க, அது எனக்கு வேணும். பெட்ரூம்ல மாட்டிக்கறேன். ஆனா கறுப்பா உழுந்திருக்குது. நீங்க தொழில்காரரு. நவநீதனுக்குத் தெரிய வேண்டாம், சிந்துஜாவுக்கும் வேண்டாம். ஒரு ரெண்டு பாயிண்ட்டு..."

யாரு கேக்கறது பாருங்க! எனக்கா, உள்ளுக்குள்ள அப்படி ஒரு குளுகுளுப்பு. இத்தனைக்கும் பொறவு கடைசியில சென்னியப்பன்கிட்டத்தான வந்தாகணும்? கம்ப்யூட்டர்ல படத்தப் போட்டு உக்காந்தேன். அந்தம்மா மண்டபத்து சன்னலோரம் நாற்காலியில, காலு வலியோ என்னமோ, செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. மகன் கல்யாணம் முடிஞ்சிருச்சு. அந்த நிம்மதி மூஞ்சியில தெரியுது. மவுசத் தொட்டேன். ஒரு பாயிண்ட் தூக்குனேன். நிம்மதி காணாமப் போச்சு. கீழ எறக்குனேன், வந்துருச்சு. மறுபடி தூக்குனேன், போயிருச்சு. மத்தியானம் பூரா இதே வேலை. வசந்தாமணி சாப்புடக் கூப்புட்டுக் கூப்புட்டு ஓஞ்சு போயிட்டா. என்னால முடியலைங்க. கை வரலை. இந்தத் தொழில்ல கை வரலைன்னா என்ன இருக்குது? அப்படியே இருந்தத இருந்த மாதிரிப் பிரிண்ட்டு போட்டு, பிரேம் மாட்டி, இன்னிக்கு எடுத்துட்டுப் போனேன். திட்டுனா வாங்கிக்கலாம்னு.

காலையில அவங்க கையில குடுத்துட்டு, "பண்ணியாச்சுங்க சம்பந்தி"ன்னு ஒரு பொய்யச் சொல்லி, கீழ பாத்துக்கிட்டு நின்னேன். அந்தம்மா கண்ணாடியப் போட்டாங்க. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. சேலத் தலப்புல கண்ணாடியத் தொடைச்சுட்டு மறுபடியும் பாத்தாங்க.

"பாத்தீங்களா, இப்பத்தான் பளிச்சுனு இருக்குது. உங்க கைராசியே தனிங்க சம்பந்தி"ன்னாங்க.

அங்கருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன். ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. அப்ப இத்தனை வருசமா நான் கம்ப்யூட்டர்ல என்னத்தைங்க பண்ணிக்கிட்டிருந்தேன்?